சீல் வைக்காத தகடு

தகட்டைக் கழற்றியது நான். கழற்றவே இல்லை என்று சொந்தக்காரர்கள் முன்னால் பொய் சொன்னதும் நான். அந்தப் பொய்யால் ஒரு நல்ல மெக்கானிக்கின் பெயர் கெட்டது. அவருக்கும் அவருடைய மச்சினனுக்கும் பேச்சு நின்றது. எழுபது தாண்டிய பிறகு இதை மென்று விழுங்கி எழுதுவதில் பொருளில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்பா இறந்தார். தொண்டாமுத்தூர்த் தோட்டத்தைத் தம்பியும் நானும் பிரித்துக்கொண்டோம். அப்பா தக்காளியும் தேங்காயும் ஏற்றிப்போன பழைய பெட்ரோல் பிக்கப் என் பங்குக்கு வந்தது. தம்பி வேண்டாமென்று சொன்னதால் வந்தது என்பதே சரி. கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டு ஆர்.எஸ்.புரத்தில் வாடகை வீட்டில் இருந்தவனுக்குப் பிக்கப் எதற்கு? எனக்கும் தெரியவில்லை. விற்க மட்டும் மனம் வரவில்லை. கிளப்பினால் தெருவே புகையில் மறைந்துபோகும். எதிர்வீட்டு அம்மா கொடியில் காயும் துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடுவார்.

அன்னூரில் இருக்கும் தங்கை கணவர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க மச்சான், இதைக் காயலான் கடையில போட்டுப்போட்டு வாங்க. வர்ற காசுல ஒரு வேளை பிரியாணி சாப்புடலாமுங்க. அதுவும் ஒருத்தருக்குத்தான் காணும்."

அன்று எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகவே வண்டியைச் சரிசெய்வது என்று முடிவு கட்டினேன்.

மேட்டுப்பாளையம் ரோட்டில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அப்பா காலத்திலிருந்து இந்த வண்டியைப் பார்த்தவர். அதிகம் பேசமாட்டார். என்னை 'வாத்தியாரய்யா' என்றுதான் கூப்பிடுவார். இன்ஜினைப் பிரித்துப் பார்த்துவிட்டு, சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, அதற்குத் தகுந்த புது அலுமினிய பிஸ்டன் போட்டு, மேலே இருக்கும் ஹெட்டைக் கொஞ்சம் சீவி, பெரிய கார்புரேட்டரும் மாட்டிவிடலாம் என்றார். "பழைய பலத்தைவிட ஒரு பங்கு கூடவே இழுக்குமுங்க. ஒரு மாசம் குடுங்க."

நான்கு மாதம் ஆயிற்று. முதலில் சிலிண்டர்கள் இருக்கும் இரும்புப் பிளாக்கிலேயே விரிசல் என்று தெரிந்தது. வேறு பிளாக்குக்காக உக்கடத்தில் பழைய இரும்புக் கடைகளில் மூன்று வாரம் அலைந்தோம். பிஸ்டன் நான்கு வந்தது. மூன்று ஒரு அளவு, நாலாவது வேறு அளவு. அந்த நாலாவதைத் திருப்பி அனுப்பினால், அதே தப்பான அளவில் இன்னும் மூன்று வந்தது. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டை அரைக்கக் கொடுத்த இடத்தில் மின்வெட்டு. சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்துப் போவேன். வண்டி கண்ணில்லாத முகம்போல் பானெட் திறந்து நிற்கும். "அடுத்த வாரம் ஸ்டார்ட் பண்ணிப்போடலாமுங்க" என்று டீ வாங்கிக் கொடுப்பார். அந்த டீயைக் குடித்துக் குடித்தே எனக்கு அந்தப் பட்டறை வெறுத்துப்போயிற்று.

சிலிண்டர் கடையும் வேலையைக் கணபதியில் லேத் வைத்திருந்த அவருடைய மச்சினனிடம் கொடுத்தார். மனைவியின் தம்பி. "அவன் கை அளவு தப்பாதுங்க" என்று பெருமையாகச் சொன்னார்.

ஒருவழியாக வண்டி கிளம்பியது. புகை இல்லை. பானெட்டுக்குப் பக்கத்திலேயே நின்று சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவர் அந்தத் தகட்டைக் காட்டினார். உள்ளங்கை அகல இரும்புத் தகடு, நடுவில் ஒரு சின்ன ஓட்டை. அதைக் கார்புரேட்டருக்கு அடியில் வைத்து இரண்டு நட்டால் முடுக்கியிருந்தார். பெட்ரோல் கலந்த காற்று அந்த ஓட்டை வழியாகத்தான் போக முடியும். எவ்வளவு மிதித்தாலும் வண்டி நாற்பதுக்கு மேல் போகாது. புது பிஸ்டனும் சிலிண்டரும் உரசிப் பழக ஆயிரம் கிலோமீட்டர் ஆகும். அதுவரை வேகமும் கூடாது, பாரமும் கூடாது. அதன்பின் அவரே தகட்டை எடுத்துவிடுவார்.

மற்றவர்கள் வண்டிக்கு அந்த நட்டுகளில் கம்பி கோத்து, கரண்டு மீட்டருக்கு வைப்பதுபோல் ஈய சீல் நசுக்கி வைப்பார். சீல் உடைந்திருந்தால் அவர் பொறுப்பில்லை. என் வண்டிக்குக் கம்பியைக் கையில் எடுத்தவர், திரும்ப டப்பாவில் போட்டுவிட்டார். "உங்களுக்கு எதுக்குங்க வாத்தியாரய்யா சீலு?"

அதன்பிறகு ஐந்து வாரம் நான் பட்ட எரிச்சலைச் சொல்லி முடியாது. டவுன் பஸ் முந்தியது. பால் கேன் கட்டிய மொபெட் முந்தியது. பின்னால் லாரிக்காரர்கள் ஆரன் அடித்து, தாண்டும்போது தலையை நீட்டி, "ஏனுங்கண்ணா, இறங்கித் தள்ளட்டுமா?" என்று கேட்டார்கள். நான்கு மாதம் காத்திருந்து வாங்கியது இந்த நடைதானா என்று ஸ்டியரிங்கை அறைந்திருக்கிறேன். மீட்டர் அறுநூறைக்கூடத் தொடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தங்கை மகள் பெரிய பெண்ணானாள். அன்னூரில் திரட்டிச் சீர். நான் தாய்மாமன். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சீர் வந்து இறங்காமல் பெண்ணை மணையில் உட்காரவைக்க மாட்டார்கள். பித்தளை அண்டா, குடங்கள், அரிசி மூட்டை, தேங்காய், வாழைத்தார் எல்லாம் ஏற்ற வேண்டும். வேன் பிடிக்கலாம் என்றாள் மனைவி. தங்கை கணவரின் பிரியாணிப் பேச்சு என் காதிலேயே இருந்தது. அப்பாவின் வண்டியில்தான் சீர் போகும் என்றேன்.

காலையில் பாத்திரம் ஏற்றவே நேரமாகிவிட்டது. ராகுகாலத்துக்கு முன் போய்ச் சேர வேண்டும். நாற்பதில் போனால் நடக்காது. மனைவி பட்டுப்புடவை கட்டிக்கொண்டிருந்தபோது, நான் ஸ்பேனரை எடுத்துத் தகட்டைக் கழற்றிச் சீட்டுக்கடியில் போட்டேன். ஐந்து நிமிட வேலை. வெப்பத்தில் உலோகம் விரியும் என்று இருபது வருடம் பாடம் நடத்தியவன் நான். அலுமினியம் இரும்பைவிட அதிகமாக விரியும் என்பதைக் கேள்வித்தாளிலேயே கேட்டிருக்கிறேன்.

சரவணம்பட்டி தாண்டியதும் மிதித்தேன். வண்டி பறந்தது. என்னை ஏளனம் செய்த லாரி இனத்தையே முந்தியதுபோல் மூன்று லாரிகளை முந்தினேன். கோவில்பாளையத்தை நெருங்கும்போது வண்டி திணறியது. அடியில் ஏதோ இறுகப் பிடித்ததுபோல் ஒரு கிறீச்சல். பின்சக்கரம் இழுபட்டு நின்றது. பிஸ்டன் சிலிண்டருக்குள் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அந்த வழியாகக் காலி டிரெய்லரோடு வந்த டிராக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தினேன். எரு ஏற்றி இறக்கிய டிரெய்லர். அதில் அண்டாவும் வாழைத்தாரும் பட்டுப்புடவையில் என் மனைவியும் போனார்கள். தாய்மாமன் நான் மட்டும் வண்டியோடு நின்றேன். ரோட்டோரக் கடை ஒன்றிலிருந்து மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். திரும்பி வந்து, யாரும் பார்க்காதபோது, கொதிக்கும் இன்ஜினில் கையைச் சுட்டுக்கொண்டு தகட்டைப் பழைய இடத்தில் வைத்து முடுக்கினேன். வலது சுட்டுவிரலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

மத்தியானம் சீர் முடிந்து தங்கை கணவர் இரண்டு பங்காளிகளோடு வந்தார். சற்று நேரத்தில் பஸ்ஸிலிருந்து மெக்கானிக் இறங்கினார். யாரிடமும் பேசாமல் முதலில் கார்புரேட்டர் நட்டைத் தளர்த்திப் பார்த்தார்.

"தகடு இருக்குதுங்களே" என்றார். "அப்பறம் எப்படிங்க?"

"என்னங்க மெக்கானிக்கு, எங்க மச்சான் சீரை எருவண்டியில ஏத்தி அனுப்பிச்சுப்போட்டீங்களே!" என்றார் தங்கை கணவர். "நாலு மாசம் வெச்சிருந்து என்னத்தைப் புடுங்குனீங்க?"

மெக்கானிக் என்னைத்தான் பார்த்தார். "வாத்தியாரய்யா, தகட்டைக் கழட்டுனீங்களா? கோவமில்லைங்க, தெரிஞ்சாப் போதும்."

"நாற்பதுக்கு மேல் போகவே இல்லை" என்றேன்.

அவர் ரோட்டோரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். பங்காளிகளில் ஒருவர் தன் இரண்டு லாரிகளையும் இந்த மெக்கானிக்கிடம்தான் காட்டிவந்தார். அவர் அன்றே தன் லாரிகளை வேறு பட்டறைக்கு மாற்றினார். ஊரில் பேச்சுப் பரவியது.

என் வண்டியை அவர் கூலி வாங்காமல் மறுபடி செய்துகொடுத்தார். இந்த முறை கடைசல் வேறொரு லேத்தில். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "என்ற வேலையில தப்பு இல்லைங்க. மூணு தடவை யோசிச்சுப் பாத்துட்டேன். மச்சினன்தான் அளவைக் கம்மியாக் கடைஞ்சிருக்கோணும். கேட்டா இல்லைங்கறான். தகடு இருக்கறப்ப வேற என்னங்க காரணம்?"

அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. நன்றாக ஓடும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்று வருடம் கழித்து அவருடைய மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை வைத்தார். போயிருந்தேன். தாய்மாமன் சீருக்கு நேரம் வந்தபோது மண்டபத்தில் ஒரு சலசலப்பு. பெண்ணுக்கு ஒரே தாய்மாமன், கணபதி லேத்காரர், வரவில்லை. ஒன்றுவிட்ட மாமன் ஒருவரை அவசரமாகக் கூப்பிட்டுத் தட்டைக் கொடுத்தார்கள். அவர் வாங்கி நின்ற கோணலும், மணமேடையில் அந்தப் பெண் வாசலைப் பார்த்ததும் எனக்குப் போதுமாக இருந்தது. சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் பட்டறைக்குப் போனேன். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையிலிருந்த துணியால் கையைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆகுது?" என்றார் கடைசியில். "அவங்கிட்டப் போய்ச் சொல்லுங்க."

கணபதிக்குப் போனேன். லேத்காரர் மிஷினை நிறுத்தாமலே கேட்டார். நான் முடித்ததும் நிறுத்தினார்.

"அளவு சரின்னு எனக்குத் தெரியுமுங்க. மாமனுக்குத்தான் தெரியலை. நீங்க சொன்னா நம்புவாரு, நான் சொன்னா நம்பலை பாருங்க." சிறிது நேரம் இரும்புத்தூளைக் கையால் கூட்டினார். "புள்ள கலியாணம் முடிஞ்சுபோச்சுங்களே. அதை மறுக்கா வெக்க முடியுமுங்களா?"

தங்கை கணவரிடமும் சொன்னேன். பங்காளிகள் இருவரையும் வைத்துக்கொண்டே சொன்னேன். லாரிக்காரர், "அட விடுங்க, பழைய கதை" என்றார். லாரிகள் திரும்ப அந்தப் பட்டறைக்குப் போகவில்லை.

வெட்கத்தில் வண்டியை வேறு இடங்களில் காட்டிவந்தேன். சீவிய ஹெட்டின் கணக்கு யாருக்கும் பிடிபடவில்லை. ஒவ்வொருவரும் கெடுத்தார்கள். தொண்ணூறுகள் முடியும் முன் இன்ஜின் மறுபடி பிரிக்கும் நிலைக்கு வந்தபோது, வேறு வழியில்லாமல் பழைய பட்டறைக்கே போனேன். அவர் ஒன்றும் கேட்காமல் வண்டியை உள்ளே விடச் சொன்னார்.

ஒரு சனிக்கிழமை போனபோது, கடைந்த பிளாக்கைத் தோளில் சுமந்துகொண்டு கணபதி லேத்காரர் ஆட்டோவிலிருந்து இறங்கினார். இரண்டு பேரும் பிளாக்கின் மேல் குனிந்து அளவு பார்த்தார்கள். எனக்கு அன்று டீ வரவில்லை.

வண்டியை எடுக்கப் போன நாளில் பானெட்டைத் திறந்து காட்டினார். தகடு இருந்தது. இரண்டு நட்டிலும் கம்பி கோத்து ஈய சீல் நசுக்கியிருந்தது.

"ஆயிரம் ஓட்டிட்டு வாங்க. நான் ஒடைக்கறேன்."

நாற்பதைத் தாண்டாமல் ஓட்டினேன். ஆரன் அடித்த எல்லோருக்கும் ஒதுங்கி வழிவிட்டேன். ஆயிரம் முடிந்து போனபோது, அவர் சீலைத் துணியால் துடைத்து, விரலால் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டிங் பிளேயரால் கம்பியை வெட்டி, தகட்டை எடுத்தார்.

"செரிங்க" என்றார். அவ்வளவுதான். அந்தப் பட்டறைக்கு அதன்பின் பல வருடம் போயிருக்கிறேன். வாத்தியாரய்யா என்று அவர் என்னைக் கூப்பிட்டதில்லை.