அவளுக்கு வரும் அழைப்பு

டெட்டோல் வாசமும் இலைக்கஞ்சி வாசமும் ஒன்றாக வந்தால் எனக்கு வயிறு எரியும். பசி இல்லை, பொறாமை. கெலிஓயாவில் ஒரு கிளினிக் வாசலில் போட்ட வாங்குப் பலகையில், மனைவியின் கைப்பையை மடியில் வைத்துக் காத்திருந்த காலைகளின் வாசம் அது.

முப்பத்தைந்தைத் தாண்டிய பெண்களுக்கான கிளினிக். அதற்கு முதல் நாள், தாய் பிள்ளைகளைப் பார்க்கும் மருத்துவமாது போனில் அழைப்பார். எங்களுக்கெல்லாம் அவர் மிஸ்ஸி. "அக்கா, நாளைக்கி கிளினிக், மறந்துடவாணாம். உப்பக் கொறச்சீங்களா? பொய் சொல்லவாணாம்!" மனைவி போனைச் சத்தமாக வைத்துவிட்டுச் சிரிப்பாள். சவரம் செய்தபடி நான் கேட்டுக்கொண்டிருப்பேன். என் உப்பைப் பற்றி இந்த நாட்டில் ஒருவரும் விசாரித்ததில்லை. நான் பொய் சொல்கிறேனா என்று கவலைப்படவும் ஆளில்லை.

அந்த மாதங்களில் எனக்குச் சிறுநீர் சரியாகப் பிரியவில்லை. சில காலைகளில் நூல் மாதிரி ரத்தமும் போனது. மனைவியிடம் மட்டும் சொன்னேன். அதுவும், மிஸ்ஸியிடம் கேட்டு மாத்திரை வாங்கி வரச் சொல்லி. எங்கள் ஆண்களுக்குத் தேயிலைத் தோட்டத்திலிருந்தே வந்த பழக்கம் இது. டிஸ்பென்சரிக்குப் பெண்சாதி போவாள், "எங்க வூட்டுக்காரருக்கு நெஞ்சு அடைக்குதாம்" என்பாள், நெஞ்சு உடையவர் லய வீட்டில் குந்தியிருப்பார். நான் டவுனுக்கு வந்து, பிலிமத்தலாவையில் கடைவேலை பார்த்து, இரண்டு கவிதைப் புத்தகமும் போட்டுவிட்டேன். நோயைச் சொல்ல மட்டும் அவள் வாய்தான்.

"அங்க ஆஸ்பத்திரியில ஆம்பள பொம்பள எல்லாரையும் செக் பண்றாங்க. நீங்கதான் போறதில்ல," என்றாள்.

"யாராவது கூப்பிட்டாத்தானே?"

"கூப்பிடுறதுக்கு அதென்ன கல்யாண வீடா?"

ஆனால் அவளைக் கூப்பிட்டார்களே!

அடுத்த கிளினிக் அன்று வாங்கில் எனக்குப் பக்கத்தில், தன் மனைவியை இறக்கிவிட்டு வந்த ஆட்டோக்காரர். உள்ளே எடை பார்த்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், மார்பில் கட்டி உண்டா என்று பார்த்தார்கள். நடுவில் என் மனைவியின் சிரிப்பு. வீட்டில் என் எந்தப் பகிடிக்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. அந்தக் கதவு, அந்தத் தராசு, அந்த அதட்டல், எல்லாவற்றின் மீதும் எரிச்சலாக வந்தது. பிள்ளை பெற்றும் ஒன்றைப் பறிகொடுத்தும் அவள் அடைந்த கவனிப்பு அது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எரிந்தது.

"நமக்குன்னு அரசாங்கம் ஒன்னும் வைக்கலையே," என்றேன் ஆட்டோக்காரரிடம்.

"ஏண்ணே இல்ல? ஊருக்கு ஊரு பார் தொறந்திருக்கே!"

"கிளினிக்கச் சொல்றேன். வச்சா போவியா?"

"போகாம? பொண்டாட்டிய அனுப்புவேன்."

இருவரும் சிரித்தோம். கதவு திறந்து மிஸ்ஸி நேராக என்னிடம் வந்தார். பின்னால் என் மனைவி, தலையைக் குனிந்தபடி.

"நீங்கதானே அக்காட மாப்புள? ரெத்தம் போறது ஒங்களுக்கு, சொல்றது அக்காவா? இது மாத்திர குடுக்கிற வெசயமில்ல. நாளைக்கே கண்டி ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஸ்கேன் எடுக்கச் சொல்லுவாங்க."

வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் திரும்பினார்கள். வெட்கத்தை முந்திக்கொண்டு வந்தது ஒரு சந்தோஷம். என்னையும் ஒருத்தர் அதட்டிவிட்டார்.

ஆட்டோக்காரர் எழுந்தார். "மிஸ்ஸி, எனக்கும் மேடு ஏறுனா நெஞ்சு இறுக்குது. கொஞ்சம் பாப்பீங்களா?"

"நெஞ்சுன்னா இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. எனக்கிட்ட இருக்கிறது பொம்பளைங்கட பேர் மட்டும்தான் தம்பி. ஒங்கள நான் கூப்பிட ஏலா." கதவு மூடியது. ஆட்டோக்காரர் சிரிக்கவில்லை. நானும்.

ஆண்களுக்கென்று அரசாங்கம் ஒரு திட்டம் போட வேண்டுமா என்று இப்போது யாராவது கேட்டால், வேண்டும் என்பேன். பெண்களுடையதில் ஒரு துண்டைக்கூட வெட்டி எடுக்காமல். கட்டடம் இருக்கிறது, தராசு இருக்கிறது. கடை மூடிய பிறகோ பௌர்ணமிப் போயா விடுமுறையிலோ அது திறக்கட்டும். எங்கள் பேர்களையும் வைத்துக்கொண்டு, உப்பைக் குறைத்தாயா என்று கேட்டு அழைக்க ஒருவர் வரட்டும். போகாத ஆணைத் திட்டுவது சுலபம். என் அப்பாவைத் திட்டிக்கொண்டே இருந்தோம், அவர் போகாமலே போய்ச் சேர்ந்தார்.

மறுநாள் காலை கண்டியில் ஆஸ்பத்திரி வாசல்வரை மனைவி வந்தாள். அவளுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. அவள் ஏற வேண்டிய வத்தேகம பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஸ்கேனுக்காகக் குடித்த தண்ணீர் அடிவயிற்றில் கனக்க, நான் அவள் கையை விடாமல் நின்றேன்.

"நீயும் உள்ள வாயேன். நீ சொன்னா நல்லா வெளங்கும் அவங்களுக்கு."

"எனக்கு என்னங்க தெரியும், ஒங்களுக்கு எங்க வலிக்குதுன்னு? போங்க, போயி நீங்களே சொல்லுங்க."