பின்வரிசைக்கு ஒரு அக்கா

எனக்கு உதைபந்தாட்டம் தெரியாது. அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. பேரன் தொலைக்காட்சியில் மச் பார்க்கும்போது ஒப்சைட் என்றால் என்னவென்று எனக்கு விளங்கப்படுத்துவான். நான் தலையாட்டுவேன். அடுத்த கிழமையும் முதலில் இருந்து விளங்கப்படுத்துவான். ஒருகாலத்தில் ஜேர்மனியில் எசன் நகரத்தில் ஒரு குழுவின் பின்வரிசை முழுவதும் என் பொறுப்பில் இருந்தது என்று சொன்னால் அவன் என்னை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போவான் என்பதால் சொல்லவில்லை.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு இலங்கையில் இருந்து வந்த ஆட்கள் நாங்கள். எசனில் ஒரு பழைய பள்ளிக்கூடத்தை அகதிகளுக்கு விடுதியாக்கி வைத்திருந்தார்கள். ஹைம் என்போம். அகதி வழக்கு முடியும்வரை வேலை செய்ய அனுமதி இல்லை. ஆம்பிளைகள் கட்டிலில் கிடந்தார்கள், எழும்பிச் சாப்பிட்டார்கள், திரும்பவும் போய்க் கிடந்தார்கள். என் மனுசன் அதில் முதலாம் பிள்ளை. ஊரில் அவருக்குச் சைக்கிள் திருத்தும் கடை. எந்த நேரமும் கிறீஸ் பூசிய கை. கடையை எரித்துவிட்டார்கள். இங்கே வந்த பிறகு அவருடைய கை வெளுத்துப்போய், யாரோ கந்தோர் உத்தியோகத்தரின் கைபோல் ஆகிவிட்டது. கையோடு சேர்ந்து வாயும் நின்றுவிட்டது. "இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ" என்றால் தலையை ஆட்டுவார். எந்தப் பக்கம் ஆட்டுகிறார் என்று நான்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்தக் காலத்தில்தான் மாஸ்ரர் எங்கள் ஹைமுக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரியின் உதைபந்தாட்டக் குழுவைப் பழக்கியவர். மெலிந்த மனுசன், என்னைவிட வயது குறைவு. வந்த கிழமையே கட்டில் கட்டிலாகப் போய், "எழும்புங்கோ, எழும்புங்கோ" என்று ஆட்களைத் தட்டி எழுப்பினார். சிலர் பொலிஸ் என்று நினைத்து எழும்பினார்கள். எழும்பினவர்களை அப்படியே குழுவாக்கிவிட்டார். என் மனுசனின் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணை, நீங்கள் கோலுக்குள்ளை நில்லுங்கோ" என்றார்.

பக்கத்தில் இருந்த ஒரு சின்ன விளையாட்டுக் கழகம் ஞாயிறு காலையில் தன் மைதானத்தைத் தந்தது. புல் இல்லை, சிவப்புச் சாம்பல் மண். அந்த மண்ணில் விழுந்தால் முழங்கால் தோல் மண்ணுக்கு, மண் முழங்காலுக்கு. முதல் ஞாயிறு என் மனுசன் இரண்டு கையும் சிவந்துபோய் வந்து நின்றார். சாப்பிடும்போது, "இன்னும் கொஞ்சம் போடும்" என்றார். நான் கரண்டி நிறைய அள்ளிப் போட்டேன். அதற்குப் பிறகு எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்த மைதானம்தான்.

நானும் கூடப் போகத் தொடங்கினேன். தேத்தண்ணிப் போத்தல் தூக்குவது, தோடம்பழம் வெட்டிக் கொடுப்பது, சிவந்த உடுப்புகளைத் தோய்ப்பது. மாஸ்ரர் என்னை "என்ர அசிஸ்ரன்" என்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு ஜேர்மனியில் உத்தியோகம்.

கரைச்சல் ஒரு கலியாணப் பேச்சில் ஆரம்பித்தது.

பின்வரிசையில் இரண்டு பேர். ஒருவர் ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர், நாற்பது வயது. மற்றவர் இருபத்தைந்து வயதுப் பெடியன். இரண்டு பேரும் நன்றாகத்தான் விளையாடினார்கள். "தம்பி, எடடா", "அண்ணை, விடுங்கோ" என்று சத்தம் போட்டு விளையாடினார்கள். அப்படி இருக்கும்போது மனேச்சர் தன்னுடைய தங்கச்சியை அந்தப் பெடியனுக்குப் பேசி முடித்தார். நல்ல இடம், நல்ல பெடியன், எல்லோருக்கும் சந்தோசம். நான்தான் வடை சுட்டேன்.

அடுத்த ஞாயிறு பந்து இரண்டு பேருக்கும் நடுவில் வந்தது. மனேச்சர் நின்று, "மாப்பிள்ளை, நீங்கள் எடுங்கோ" என்றார். மாப்பிள்ளை நின்று, "இல்லை அண்ணை, நீங்கள் எடுங்கோ" என்றார். இரண்டு பேரும் எடுக்கவில்லை. எதிர்ப்பக்கத்து ஜேர்மன்காரன் மரியாதை தெரியாதவன். அவன் எடுத்தான்.

மாப்பிள்ளையைப் பலர் முன்னால் ஏவினால் சம்பந்தம் குழம்பிவிடும் என்று மனேச்சருக்குப் பயம். பெண்ணின் தமையனை ஏவினால் திமிர் பிடித்தவன் என்று பெயர் வந்துவிடும் என்று மாப்பிள்ளைக்குப் பயம். இருவரும் வாசலில் நின்று "நீங்கள் முதல் போங்கோ" என்று உபசாரம் பண்ணுவதுபோல் பண்ண, பந்து அந்த வாசலால் போய்வந்தது. அன்றைக்கு எட்டுக் கோல். என் மனுசன் வலைக்குள் இருந்து பந்து பொறுக்கியே களைத்துப்போனார். ஹைமுக்கு வந்து சோறு கேட்கவில்லை.

அடுத்த கிழமை மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் மாஸ்ரரைக் கூப்பிட்டார். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து இளைப்பாறி, பென்சன் எடுக்கிற மனுசன், எங்களில் நல்ல விருப்பம். ஆனால் அந்த ஞாயிற்று நேரத்தை வேறொரு குழுவும் கேட்கிறதாம். எட்டுக் கோல் வாங்குகிற ஆட்களுக்கு எதற்கு மைதானம் என்று கழகத்தில் கதைக்கிறார்களாம். வசந்தகாலத்தில் கழகம் நடத்தும் போட்டியில் ஒழுங்காக விளையாடிக் காட்டினால் நேரம் எங்களுக்கு, இல்லாவிட்டால் இல்லை.

அன்று ஹைம் குசினியில் கூட்டம். நான் ஒரு கரையில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றேன். கண்ணீருக்கு வெங்காயம் ஒரு வசதி.

மாஸ்ரர் சொன்னார், "நான் முன்னுக்கு விளையாடுறன். பின்வரிசையைப் பாக்க ஒரு ஆள் வேணும். மைதானக் கரையிலை நிண்டு, ஆர் எடுக்கிறது, ஆர் விடுறது எண்டு சொல்ல வேணும்."

"நீங்களே சொல்லுங்கோவன்" என்றார் மனேச்சர்.

"நீங்கள் எனக்கு மூத்தவர் அண்ணை. நான் எப்பிடி உங்களை ஏசிப் பேசுறது?"

ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். ஒருவர் மாப்பிள்ளைக்குச் சித்தப்பா முறை. ஒருவர் மனேச்சரிடம் சங்கக்கடையில் வேலை செய்தவர். ஒருவர் கலியாணம் பேசினவர், அவருக்கு இரண்டு பக்கமும் பயம். எல்லோரும் ஆருக்கோ என்னவோவாக இருந்தார்கள். மாஸ்ரர் சுற்றிப் பார்த்துக்கொண்டே வந்து என்னில் நின்றார்.

"அக்கா பாக்கட்டும்."

குசினியில் சிரிப்பு. "எதை, கறியையோ?" என்றார் ஒருவர். இன்னொருவர், "அக்காவுக்குப் பந்து வட்டம் எண்டாவது தெரியுமோ?" என்றார்.

"தெரியும் தம்பி. உன்ர தலை மாதிரி, உள்ளுக்கு ஒண்டும் இல்லை" என்றேன்.

மாஸ்ரர் மட்டும் சிரிக்கவில்லை. "பாத்தீங்களோ, அக்காவாலை ஆரையும் பேச ஏலும்" என்றார். "அக்காவிட்டைப் பேச்சு வாங்கினால் ஆருக்கும் மானம் போகாது. இந்தக் குசினியிலை வாங்காத ஆள் ஆர்?"

உண்மைதான். என் மனுசனைத் தவிர அங்கே எல்லோரும் எனக்கு இளையவர்கள். அவரை மட்டும்தான் நான் ஏசியதில்லை, பேசினாலும் "இஞ்சாருங்கோ" என்று மரியாதையாகத் தொடங்கித்தான் பேசுவேன்.

விளையாடிப் பழகும்போது எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தேன். மனேச்சருக்குப் பெரியவன் என்றும் மாப்பிள்ளைக்குச் சின்னவன் என்றும் பெயர் வைத்தேன், வீட்டில் இரண்டு பிள்ளைகளைக் கூப்பிடுவதுபோல. "ரெண்டு பேரும் கேளுங்கோ. ஆரின்ர பேரைச் சொல்லுறனோ அவர் எடுக்க வேணும், மற்றவர் விட வேணும். கோல் விழுந்தால் நான் சொன்னது பிழை, உங்கடை பிழை இல்லை. என்னைப் பேசுங்கோ."

முதல் பந்துக்கே பிழையான ஆளைக் கூப்பிட்டேன். கோல். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "என்ர பிழை" என்றேன். மனேச்சரும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். கலியாணம் பேசிய பிறகு அவர்கள் சேர்ந்து சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். பிழை எல்லாம் என் கணக்கில் விழ விழ அவர்களுடைய கால் இளகியது.

இரண்டாம் ஞாயிறும் பிழைவிட்டேன், மூன்றாவதும் விட்டேன். அந்தப் பொறுப்பைத் திருப்பி எடுங்கள் என்று மாஸ்ரரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் தோடம்பழத்தை உரித்துக்கொண்டு, "நான் முதல் பழக்கின வருசம் எல்லா மச்சும் தோத்தது அக்கா" என்றார். அவ்வளவுதான். அந்த மனுசனுக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

போட்டி நாளில் நான் சேலைக்கு மேல் ஒரு கறுத்தக் குளிர்க்கோட்டும், காலில் மனுசனின் சப்பாத்தும் போட்டுக்கொண்டு கரையில் நின்றேன். முதல் மச் ஒரு கோலால் தோற்றோம். எட்டுக்கு ஒன்று பரவாயில்லை என்று கிழவர் விரலைக் காட்டினார். ஆனால் இன்னொன்று தோற்றால் நேரம் போய்விடும் என்றும் கையால் காட்டினார். அந்த மனுசனுக்கு முகத்தில் பொய் வராது.

இரண்டாவது மச்சில் என் தொண்டை நன்றாகத் திறந்துவிட்டது. "பெரியவன் எடு. சின்னவன் விடு. டேய் சின்னவன், விடு எண்டன்." பந்து வருவதும் போவதுமாக இருந்தது. கோலுக்குள் நின்ற என் மனுசனுக்கு நேராக ஒன்று வந்தது. அவருக்கு என்ன சொல்வது? "இஞ்சாருங்கோ" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் பந்தைப் பிடித்து, திருப்பி எறிந்தும்விட்டார். நல்ல காலம், அவருக்கு நான் தேவைப்படவில்லை.

முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது நடுவர் விசிலை ஊதிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். ஏதோ சொன்னார். நான் ஒன்றும் விளங்காமல், ஓம் என்பதற்கு "ஜா, ஜா" என்றேன். மாஸ்ரர் ஓடிவந்தார். நான் தன்னைத்தான் திட்டுகிறேன் என்று நடுவர் நினைத்திருக்கிறார். தமிழைக் கேட்டால் அப்படித்தான் இருந்திருக்கும், அதுவும் என் தமிழ். வேலிக்கு வெளியே போய், வாயைத் திறக்காமல் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

வெளியே போனேன். கிழவர் பக்கத்தில் நின்றேன். சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன்.

அப்போது பார்த்து அந்தப் பந்து வந்தது. உயரமாக, ஆறுதலாக, மனேச்சருக்கும் மாப்பிள்ளைக்கும் சரி நடுவில். இரண்டு பேரும் நின்றார்கள். இரண்டு பேரும் கரையைப் பார்த்தார்கள். கரையில் அக்கா இல்லை. எதிர்ப்பக்கத்தான் ஓடிவந்துகொண்டிருந்தான். என் மனுசன் கோலுக்குள் கையை விரித்துக்கொண்டு நின்றார். அந்தச் சிவந்த கைகளை நான் அங்கிருந்தே பார்த்தேன்.

"தம்பி, விடடா."

மனேச்சரின் குரல். மாப்பிள்ளை நெருப்புச் சுட்டதுபோல் விலகினார். மனேச்சர் அடித்த அடியில் பந்து வேலிக்கு மேலால் போய், யாரோ ஒருவரின் கோவாத் தோட்டத்துக்குள், முட்டைக்கோசுகளுக்கு நடுவில் விழுந்தது.

மைதானத்தில் நின்ற எங்கள் ஆட்கள் எல்லோரும் பந்தைப் பார்க்கவில்லை, மாப்பிள்ளையைத்தான் பார்த்தார்கள். மனேச்சரின் முகம் வெளிறிப்போயிருந்தது. தங்கச்சியின் கலியாணமும் கோவாத் தோட்டத்துக்குள் போய்விட்டது என்று நினைத்திருப்பார்.

"அண்ணை" என்றார் மாப்பிள்ளை, "இதை முதலே சொல்லியிருந்தால் அந்த எட்டும் விழுந்திராது."

மச் கோல் இல்லாமல் முடிந்தது. வெல்லவில்லை. கிழவர் வேலியோரம் வந்து என்னிடம் கையை நீட்டி, "சொன்ராக். சேன் ஊர்" என்றார். ஞாயிறு, பத்து மணி. எனக்கு விளங்கிய முதல் ஜேர்மன் அதுதான்.

போகும் வழியில் மாஸ்ரர், "அக்கா, உங்களை வெளியிலை விட்டதுதான் நல்லதாப் போச்சு" என்றார். "ஓம், நான்தான் அந்த நடுவரிட்டைச் சொல்லிவைச்சனான்" என்றேன். அவர் பிறகு கனடாவுக்குப் போய்விட்டார். அந்தக் கலியாணம் நடந்தது, மனேச்சர் இப்போதும் மாப்பிள்ளையை "டேய்" என்றுதான் கூப்பிடுகிறார்.

போட்டி நடந்த அன்றிரவு நான் ஆட்டுக்கறி சமைத்தேன். என் மனுசன் மூன்றாம் முறையும் சாப்பாட்டுக் கோப்பையை நீட்டினார்.

"அது சரி" என்றார், "எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டீர். நான் ஒருத்தன் பின்னுக்கு நிண்டன், என்னை மட்டும் ஏன் கூப்பிடேல்லை?"

"கூப்பிட்டனான்" என்றேன். "நீங்கள் பந்தைப் பிடிச்ச பிறகு."