மூடிக்கு மேலே நெருப்பு

என் மகள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அத்தா, ஞாயித்துக்கிழமை ஒரு நாள் மட்டும் வாயத் தொறக்காதீங்க. சாப்பிடறதுக்குத் தொறங்க. பேசறதுக்குத் தொறக்காதீங்க."

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஏற்கெனவே வந்த இரண்டு சம்பந்தங்களையும் என் வாய்தான் கலைத்தது. முதல் வீட்டில் வைத்த அல்வா ஊசிப்போயிருந்தது. எல்லோரும் வாயில் அடக்கிக்கொண்டு தலையாட்டினார்கள். நான் துப்பிவிட்டு, "இது போன பெருநாளுக்குக் கிண்டினதா?" என்று கேட்டேன். இரண்டாவது வீட்டில் மாப்பிள்ளையின் மாமா துபாயில் தனக்கு இருக்கிற கடையைப் பற்றி அளந்துகொண்டே போனார். "ஒரு போட்டோ காட்டுங்க பாய்" என்றேன். போட்டோ இல்லை. சம்பந்தமும் இல்லை.

இது மூன்றாவது. மாப்பிள்ளையும் என் மகளும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை. அவன் கணக்கு எடுக்கிறான், இவள் அறிவியல். அவளுக்கு அவனைப் பிடித்துவிட்டது என்பது என்னைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது. "இதுவும் போச்சுன்னா இனி யாரையும் கூட்டிட்டு வராதீங்க" என்று சொன்னாள். சொல்லும்போது அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை, ஒரு அதட்டுப் போட்டிருப்பேன். அவள் அமைதியாகச் சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சரி என்றேன்.

முள்ளுக்குறிச்சி ரோட்டில் எனக்கு டயர் கடை. கொல்லிமலைக்கு ஏறுகிறவனும் இறங்குகிறவனும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். பிரேக் தீய்ந்து புகைய இறங்கி வருவான், வழுக்கை டயரோடு ஏறப் போவான். யாராக இருந்தாலும் திட்டுவேன். எனக்குத் திட்டாமல் டயர் மாற்றத் தெரியாது. அப்படிப்பட்டவன் ஒரு நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டு இருப்பது என்றால் சும்மா இல்லை.

மாப்பிள்ளையின் அப்பா ராசிபுரம் பக்கத்தில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். பெண் பார்க்க வீட்டுக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். "ஊட்ல உக்காந்து மிக்சர் தின்னுட்டுப் போறதுல என்னங்க தெரியும்? ரெண்டு குடும்பமும் மலைக்குப் போவோம். நான் சமைக்கறேன். சமைக்கற எடத்துலதானுங்க மனுசன் கொணம் தெரியும்" என்றார். மாதம் ஒரு தடவை வேனை எடுத்துக்கொண்டு எங்காவது போய் வெளியில் சமைத்துச் சாப்பிடுவது அவர் வழக்கமாம்.

அதற்கென்று ஒரு பாத்திரம் வைத்திருந்தார். கோயமுத்தூரில் ஒரு பட்டறையில் சொல்லி வார்த்த கனத்த இரும்புச் சட்டி. மூன்று கால், தூக்குவதற்கு வளைந்த கம்பி. மூடி தட்டையாக இருக்கும், சுற்றிலும் விளிம்பு எழும்பியிருக்கும். அந்த விளிம்புக்குள் தணலை அள்ளிப் போட்டால் மேலேயும் வேகும், கீழேயும் வேகும். வெளிநாட்டுக்காரர்கள் ஊர் சுற்றும்போது இதில்தான் ரொட்டி சுடுவார்கள், கறி வைப்பார்கள் என்று போனில் பார்த்து ஆசைப்பட்டிருக்கிறார். பிரியாணிக்குத் தம் போடும்போது நம் ஆட்கள் எப்போதும் மூடிமேல் தணல் போடுகிறவர்கள்தானே, இதற்கு எதற்கு வெளிநாடு என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. கேட்கவில்லை.

மலை ஏறும்போது அவர்தான் வேனை ஓட்டினார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கியரை மாற்றாமல் என்ஜினைத் திணறவிட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் மனைவி பின்னாலிருந்து என் தோளில் கிள்ளினாள். நான் பேசவே இல்லை. முன்கூட்டியே கிள்ளி வைத்தாள்.

காட்டுக்குள் நெருப்புப் போட்டால் ஃபாரஸ்ட்காரர்கள் வந்து நம்மை வறுத்துவிடுவார்கள். அதனால் மலைமேல் திருப்புலி நாடு என்கிற ஊரில் எனக்குத் தெரிந்த ஒரு ஜீப்காரரின் நிலத்தைக் கேட்டு வைத்திருந்தேன். மரவள்ளியும் மிளகும் போடுகிறவர். அவர் ஜீப்புக்கு டயர் நான்தான் மாட்டுகிறேன். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருந்தது. ஓரத்தில் நாலைந்து தைல மரங்கள். யாரோ கிளைகளைக் கழித்துப் போட்டிருந்தார்கள், இலை பாதி காய்ந்தும் காயாமலும் கிடந்தது.

மாப்பிள்ளையின் அப்பா நேராக அங்கே போனார். கிளைகளை இழுத்து வந்து முழங்காலில் வைத்து ஒடித்தார்.

தைல மரம்! ஜலதோஷம் பிடித்தால் மூக்கில் தடவுகிறோமே, அந்தத் தைலம். அதன் பச்சை இலையைப் போட்டு எரித்துச் சமைக்கப் போகிறார். எனக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. திரும்பினேன். என் மகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேண்டாம் என்று தலையை லேசாக, மிக லேசாக ஆட்டினாள். மாப்பிள்ளைப் பையன் பக்கத்தில் நின்று தன் அப்பா விறகு ஒடிப்பதைப் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

நெருப்பு பிடித்தது. புகை நீலமாகச் சுருண்டு வந்தது. கறியும் மலை மிளகு இடித்துப் போட்ட மசாலாவும் வெந்ததும் அரிசியைப் போட்டு மூடி, மூடிமேல் தணலை அள்ளிப் பரப்பினார். ஜீப்காரர் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, கீழயும் நெருப்பு, மேலயும் நெருப்பு. உள்ள கெடக்கற ஆடு அப்படி என்ன தப்புங்க பண்ணுச்சு?"

"இதுதானுங்க டெக்னிக்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

டெக்னிக் சரிதான். மூடியை மூடி வைத்தால் சரி. இந்த மனிதர் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கொக்கியைப் போட்டு மூடியைத் தூக்கி, "பாருங்க பாருங்க, ஆவி எப்படி வருது பாருங்க" என்று எல்லோருக்கும் காட்டினார். தூக்கும்போதெல்லாம் மூடிமேல் இருந்த சாம்பல் உள்ளே கொட்டியது. உள்ளே இருந்த ஆவி வெளியே போனது, வெளியே இருந்த தைலப் புகை உள்ளே போனது. கடைசித் தடவை என்னைக் கூப்பிட்டு, "பாய், வாசம் பாருங்க" என்றார். குனிந்து பார்த்தேன். கண்ணில் நீர் வந்தது. "அழுகையே வந்துருச்சு பாத்தீங்களா" என்று பெருமைப்பட்டுக்கொண்டார்.

இலை போட்டுப் பரிமாறினார். நான் ஒரு வாய் வைத்தேன். மார்பில் தைலம் தேய்த்துக்கொண்டு கறிக்கடையில் படுத்திருப்பது போல இருந்தது.

"எப்படிங்க?" என்று என் மனைவியைக் கேட்டார்.

"ரொம்ப... புதுசா இருக்குங்க" என்றாள்.

என் மகளைக் கேட்டார். "நல்லாருக்கு மாமா" என்றாள். அவள் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. அன்றைக்குத்தான் கேட்டேன்.

ஜீப்காரரைக் கேட்டார். அவர் நன்றாக மென்று, யோசித்து, "எனக்கு மூணு நாளாச் சளிங்க. இப்ப இல்லீங்க" என்றார்.

"உங்க மலை மொளகுங்க! அப்படித்தான் வேல செய்யும்!" என்று மாப்பிள்ளையின் அப்பா அவர் தோளில் தட்டினார்.

பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். "சொல்லுங்க பாய்" என்றார். மறுபடி தலையாட்டினேன். அவர் இலையைத் தள்ளி வைத்தார். முகம் வாடிவிட்டது.

"பாய், ஒண்ணு சொல்லட்டுங்களா? போன வருசம் உங்க கடைக்கு நான் வந்திருக்கறேன். உங்களுக்கு ஞாபகம் இருக்காது. டயர் தேஞ்சு போச்சுன்னு பொம்பளைங்க முன்னால வெச்சு என்னையக் கிழிகிழின்னு கிழிச்சீங்க. 'இந்த டயர்ல மலை ஏறுனா உன் பொண்டாட்டி புள்ளைக்கு யாரு பதில் சொல்றது'ன்னு கேட்டீங்க. எனக்குக் கோவமான கோவம். ஊட்டுக்குப் போயித்தான் நெனச்சேன், இந்தாளு மனசுல ஒண்ணு வெச்சுக்கிட்டு வெளிய ஒண்ணு பேசறவரு இல்லைன்னு. பையன் பொண்ணோட அத்தா இன்னாருன்னு சொன்னதும் ஒடனே சரின்னேன். இன்னைக்குக் காலைல இருந்து பாக்கறேன், வாயே தொறக்கல நீங்க. எங்களப் புடிக்கலைன்னா சொல்லிருங்க. எல சுருட்டிட்டுப் போயிர்றோம்."

யாரும் சாப்பிடவில்லை. என் மனைவி முந்தானையைப் பிடித்து முறுக்கினாள். பேசினால் சம்பந்தம் போய்விடும் என்று காலையிலிருந்து வாயை அடக்கி வைத்திருந்தேன், அது பேசாமலே போகப் பார்த்தது. என் மகளைப் பார்த்தேன். அவளுக்கு முகம் வெளுத்துப் போயிருந்தது.

"பேசுங்கத்தா" என்றாள். "எதையாச்சும் பேசுங்க."

எதையாவது என்று சொல்லியிருக்கக் கூடாது.

"தைல மரத்த வெச்சு எவனாவது சமைப்பானா?" என்று ஆரம்பித்தேன். "இது மொளகு இல்லீங்க, தைலம்! பிரியாணியத் திங்கறதா, நெத்தியில தேய்க்கறதா? நிமிசத்துக்கு ஒருக்கா மூடியத் தூக்கறீங்க, அது என்ன சட்டியா, சினிமாத் திரையா? பாதி அரிசி வேகல, மீதி சாம்பல். ஏத்தத்துல எந்த கியர்ல வண்டிய ஓட்டறீங்க? அந்த என்ஜின் உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு? உங்க பையன் நல்ல பையன், ஒரு குத்தமும் இல்ல. ஆனா அப்பன் தைல மரத்த ஒடிக்கறான், அவன் நின்னு படம் புடிக்கறான். நாளைக்கு எம்பொண்ணு ஊட்டக் கொளுத்துனாலும் படம்தான் புடிப்பானா?"

"நான் சொல்லத்தான் நெனச்சனுங்க மாமா" என்றான் பையன். "சொன்னா என்னைய ஒடிச்சு அடுப்புல வெச்சிருவாரு."

மாப்பிள்ளையின் அம்மா அதுவரை மரியாதையாக உட்கார்ந்திருந்தவர், பொங்கிவிட்டார். "எத்தன எடத்துல, எத்தன தடவ சொல்லீருப்பேன் மூடியத் தொறக்காதீங்கன்னு! இவருக்கு ஆவி பாக்கோணும்! ஆவி!"

மாப்பிள்ளையின் அப்பா இலையை இழுத்து ஒரு பிடி எடுத்து முகர்ந்தார். வாயில் போட்டார். வெகுநேரம் மென்றார்.

"மொளகு இல்லீங்களா இது?" என்றார், மெதுவாக.

"இல்லீங்க" என்றார் ஜீப்காரர்.

மாப்பிள்ளையின் அப்பா எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்தார். கண் சிவந்திருந்தது. "வாயில பேசறது ஈசிங்க. ரெண்டாவது ஈடுக்குக் கோழி மசாலாவுல ஊறிட்டுக் கெடக்குது. நீங்க வைங்க பாக்கலாம்."

எனக்கு டயர் தெரியும். கோழி தெரியாது. வீட்டில் ஒரு டீ கூட நான் போட்டதில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். சரியாக அந்த நேரம் பார்த்து எனக்கு வாய் வரவில்லை.

தைலக் குச்சி ஒன்று விடாமல் பொறுக்கி வீசினேன். ஜீப்காரரிடம் காய்ந்த பலாக்கட்டை வாங்கி எரித்தேன். நல்ல தணல் விழுந்தது. கோழியைச் சட்டியில் போட்டு மூடி, கீழே பாதி, மேலே பாதி என்று இருந்த தணல் முழுவதையும் வாரிக் குவித்தேன். கையில் கொக்கியை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். எவனும் மூடியில் கை வைக்கக் கூடாது.

கொஞ்ச நேரத்தில் என் மனைவி வந்தாள். "ஏங்க, ஒரு மாதிரி வாசம்..."

"மூடியத் தொறக்கக் கூடாது."

பிறகு பையன் வந்தான். "மாமா, புகை வருது..."

"மூடியத் தொறக்கக் கூடாதுன்னா கூடாது."

கடைசியில் மாப்பிள்ளையின் அப்பாவே வந்து என் கையிலிருந்து கொக்கியைப் பிடுங்கி மூடியைத் தூக்கினார். உள்ளே கோழி இல்லை. கோழி இருந்த இடத்தில் கரி இருந்தது.

அந்த மனிதர் திட்டினார் பாருங்கள்.

"ஏனுங்க, இது சட்டியா, செங்கச் சூளையா? தணல அள்ளிப் போட ஒரு அளவு வேண்டாமுங்களா? மூடியத் தொறக்காதன்னா மூக்கையும் மூடிக்கோன்னா அர்த்தம்? எந்நேரமும் டயர் எரியற வாசத்துலயே உக்காந்து உங்களுக்கு மூக்கே செத்துப் போச்சுங்க சம்பந்தி! நானாவது தைலம் போட்டேன், திங்க முடிஞ்சுது. இத நாய்க்குப் போட்டா நாய் என்மேல கேஸ் போடும்!"

சம்பந்தி என்றார். சொன்னது அவருக்கே தெரியவில்லை, அடுத்த திட்டுக்குப் போய்விட்டார். எனக்கும் அந்த நேரத்தில் உறைக்கவில்லை, ஏனென்றால் நான் பதிலுக்குத் திட்டிக்கொண்டிருந்தேன். சூளைக்கு நெருப்பு மூட்டத் தெரியாதவன் பட்டறை எப்படி நடத்துகிறான் என்று கேட்டேன் என்று நினைக்கிறேன். என் மனைவிக்கு மட்டும் காது நன்றாகக் கேட்டிருக்கிறது. அவள் மாப்பிள்ளையின் அம்மா கையைப் பிடித்து மிளகுக்கொடி நிழலுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

ஜீப்காரர் வீட்டிலிருந்து அவித்த மரவள்ளிக்கிழங்கும் பச்சைமிளகாய்ச் சட்னியும் வந்தது. எல்லோருக்கும் அதுதான் சாப்பாடு. நானும் மாப்பிள்ளையின் அப்பாவும் மட்டும் தண்ணீர்த் தொட்டியடியில் இருந்தோம். சட்டியில் கோழி வெல்டு வைத்தது போலப் பிடித்திருந்தது. நான் மணல் போட்டுத் தேய்க்கலாம் என்றேன். மணல் போட்டால் எண்ணெய் காட்டிப் பழக்கினதெல்லாம் போய்விடும், இரண்டு வருட உழைப்பு என்று அவர் கத்தினார். அப்படியானால் ஊற வை என்றேன். ஊற வைத்தால் துரு பிடிக்கும், டயர்காரனுக்கு இரும்பு தெரியுமா என்றார். ரிம் என்ன ரப்பரிலா செய்கிறார்கள் என்று கேட்டேன்.

என் மகள் இலையில் கிழங்கு எடுத்துக்கொண்டு வந்தாள். கொஞ்ச நேரம் நின்று எங்களைப் பார்த்தாள்.

"நோம்புப் பெருநாள் கழிச்சு மொத ஞாயித்துக்கிழமை நிக்காஹ்" என்றாள்.

"யாரு முடிவு பண்ணுனது?" என்று கேட்டேன்.

"அம்மாவும் மாமியும்."

"எங்க ரெண்டு பேரையும் ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டாங்க அத்தா. ரெண்டு தடவ கூப்புட்டுக் கேட்டாங்க. நீங்க ரெண்டு பேரும் கத்திக்கிட்டு இருந்தீங்க."

சம்பந்தி சட்டிக்குள் இருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"சரி கண்ணு, சந்தோசம்" என்றார். "அந்தத் தேங்கா நார எடு. உங்கத்தாகிட்டக் குடுக்காத, எங்கிட்டக் குடு."