மாமியின் பெயர் ஏறிய கார்டு

எங்கள் வீட்டு விவகாரத்தில் கேரள அரசாங்கம் ஒரே ஒரு தடவைதான் தலையிட்டது. ரேஷன் கார்டு இனிமேல் வீட்டின் மூத்த பெண் பேரில்தான் என்று சொல்லி, அப்பாவைக் கீழே இறக்கி அம்மாவின் போட்டோவை மேலே வைத்தார்கள். அப்பா இரண்டு நாள் ரேஷன் அரிசிச் சோறு உண்ணவில்லை. மூன்றாம் நாள் சாளைமீன் குழம்பு வைத்ததும் ரோஷத்தைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது.

வீட்டில் அந்தக் கார்டில் இல்லாத ஒருத்தி இருந்தாள். அப்பாவின் தங்கை, நான் மாமி என்பேன். ஒரு நாள் கையில் மாவுக்கட்டோடு பனச்சமூட்டில் பஸ் இறங்கி வந்தவள் பிறகு திரும்பிப் போகவில்லை. கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள் என்று எனக்குச் சொன்னார்கள். நானும் பள்ளிக்கூடம் முழுக்க அப்படியே சொன்னேன். கல்யாணத்தோடு அவள் பெயரை எங்கள் கார்டிலிருந்து வெட்டியிருந்தார்கள். கட்டிக்கொண்டு போனவர்கள் தங்கள் கார்டில் சேர்க்கவே இல்லை. ஆறு வருடமாக மாமி எந்த வீட்டுக்காரியும் இல்லை.

எங்கள் அங்கன்வாடி டீச்சருக்குப் பிள்ளைகளின் கஞ்சியோடு ஊர்ப் பெண்களின் காகிதங்களும் கவலை. கார்டில் பெயர் ஏறினால்தான் மாமிக்குத் தொழிலுறுதி என்கிற நூறு நாள் வேலையும் ஆஸ்பத்திரிச் சலுகையும் கிடைக்கும் என்று அப்பாவிடம் மூன்று முறை வந்து சொன்னார். ஓணம் கழியட்டும், மழை விடட்டும் என்று அப்பா நழுவினார். பெயரைச் சேர்த்தால் தங்கை இனிப் போகமாட்டாள் என்று நாமே எழுதிக் கொடுத்ததாகிவிடும் என்பது அவர் பயம். நாலாம் முறை டீச்சர் அவரைக் கடந்து நேரே அடுக்களைக்குப் போனார்.

"அக்கா, கார்டு உங்க பேரிலல்லியா? ஒப்பு நீங்க போட்டா போரும்." படிவத்தில் கையெழுத்துப் போடும் இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

அம்மா எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டுக் கொல்லங்கோட்டுக்காரி, தமிழ் மட்டும் வாசிப்பாள். படிவமோ மலையாளம். அதனால் நான்தான் எழுதினேன். உறவு என்ற இடத்தில் கணவரின் தங்கை என்று எழுதப் போனபோது அம்மா தடுத்தாள்.

"தங்கச்சின்னு எழுது மக்கா."

அது தப்பு என்று வாதாடினேன். அம்மா அசையவில்லை. டீச்சர் சிரித்துக்கொண்டே பிறகு அதைத் திருத்தினார்.

புதுக் கார்டு வந்ததும் அப்பா கடைசி வரியை இரண்டு தடவை வாசித்தார். அப்பா தோற்றுவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமியின் புருஷனுடைய அண்ணன் ஜீப்பில் ஆள் கூட்டி வந்தார். யாரைக் கேட்டுப் பெயர் சேர்த்தீர்கள் என்று சத்தம் போட்டார்.

"கார்டு அவ பேரிலாக்கும். நான் என்ன செய்யதுக்கு?" என்றார் அப்பா, உலகத்தில் இல்லாத சாதுவாக. எனக்குச் சிரிப்பு வந்தது. தங்கை போகாமலிருக்க வேண்டும் என்று அவருக்கும் ஆசைதான். அதைச் சொல்லத்தான் தைரியமில்லை.

வந்தவர்கள் அம்மா பக்கம் திரும்பினார்கள். குடும்பம் கலைக்கிறவள், எங்கிருந்தோ வந்தவள் என்றெல்லாம் சொன்னார்கள். அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஆமா, நானாக்கும் சேத்தேன். அவ இனி இஞ்சதான் உண்டு. சாயா குடிச்சிட்டுப் போங்க."

சாயா குடிக்காமல் போனார்கள். அம்மா ஜெயித்துவிட்டாள் என்று நான் முற்றத்தில் குதித்தேன். அதற்குப் பிறகு சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் அப்பாவை வழக்கம்போல் பந்தியில் உட்காரவைத்தார்கள். அம்மாவிடம் யாரும் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. தலைவலி என்று அவள் வீட்டிலேயே தங்கிவிடுவாள். அம்மாவுக்கு அடிக்கடி தலைவலி வரும் என்றே பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.