ராஜாவின் பெட்டிக்குக் கற்பூரம்

ஆயுதபூஜையன்று நாய்ப்பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்த வீடு கடலூரிலேயே எங்கள் வீடாகத்தான் இருக்கும். அறுபதுகளில் ஒரு வருஷம் அப்பாவுக்குச் சிதம்பரத்துக்கு மாற்றல் வந்திருந்தது. நாயை ரயிலில் கொண்டுபோக வேண்டுமானால் பெட்டியில் அடைத்து கார்டு வண்டியில்தான் ஏற்ற வேண்டும் என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்கள். உடனே அம்மாவின் தம்பியான என் மாமா, காடாம்புலியூரிலிருந்து முந்திரிப்பருப்பு டின்கள் வந்த மரப்பெட்டி ஒன்றைத் தேடிப்பிடித்து, கம்பிக் கதவு வைத்துப் பச்சைப் பெயிண்ட் அடித்தார். எங்கள் ராஜாவும் மறுபேச்சில்லாமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. சொந்த வீடு கட்டிக் குடிபோனது போல அதன் முகத்தில் ஒரு பெருமை.

பூஜையன்று சைக்கிள், தையல் மெஷின், அரிவாள்மனை எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு நின்றன. பெட்டியும் நின்றது. காலிப் பெட்டிக்குப் பூஜை போட மாமாவுக்கு மனசு வரவில்லை. ராஜாவை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, அதன் மூக்குக்கு நேரே கற்பூரத்தைச் சுற்றினார். அதோடு விட்டிருக்கலாம். திருஷ்டிப் பூசணிக்காயைப் பெட்டி முன்னால் போட்டு உடைத்து, சரவெடியும் கொளுத்திவிட்டார். ராஜா உள்ளே முட்டி மோதி அலறியது. கதவைத் திறந்ததும் கொல்லைக்கு ஓடியதுதான். அப்புறம் பெட்டியைப் பார்த்தாலே வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டது.

மாமா அதைத் தூக்கித் திணித்துப் பார்த்தார். கையெல்லாம் பிராண்டல். உள்ளே கருவாடு வைத்தார். தெருப்பூனைகள் வந்து தின்றுவிட்டு அங்கேயே தூங்கின.

“பெட்டிக்குள்ள போவலன்னா பால்காரர்கிட்ட குடுத்துட்டுப் போவ வேண்டியதுதான்” என்றார் அப்பா. நான் சாப்பிடமாட்டேன் என்று தரையில் புரண்டு அழுதேன்.

அம்மா அதுவரை ராஜாவைத் தொட்டதே இல்லை. சோற்றை எட்ட நின்று தள்ளிவைத்துவிட்டுப் போய்விடுவாள். நாய் என்றால் அவளுக்குத் தீட்டு என்று நினைத்திருந்தேன். அன்று முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தவள், முதலில் பெட்டியின் கதவைக் கழற்றச் சொன்னாள். கற்பூர வாசனை போகக் கழுவிக் காயவைத்தாள். ராஜா படுக்கும் சாக்கை உள்ளே விரித்தாள். பெட்டிக்கு வெகுதூரத்தில் சோற்றை வைத்துவிட்டு, அதன் முகத்தைப் பார்க்காமலே பின்வாங்கினாள். மறுநாள் கொஞ்சம் கிட்டத்தில் வைத்தாள்.

“யாரும் கூப்பிடாதீங்க. கிட்ட போயி நின்னா இன்னும் ஜாஸ்தியா பயப்படும். அதுவா போவட்டும்.”

“நாய்கிட்ட போயி என்னாக்கா இந்தக் கெஞ்சு கெஞ்சுற?” என்றார் மாமா.

“நீ வெடி வுட்ட லட்சணம் போதும்டா.”

முதலில் ராஜாவின் தலை மட்டும் உள்ளே போனது. பிறகு முன்னங்கால்கள். ஒரு மத்தியானம் பார்த்தால், வால் நுனிவரை உள்ளே இருந்துகொண்டு சாப்பிடுகிறது! அம்மா கதவை மறுபடி மாட்டச் சொல்லி, ராஜா கவனிப்பதற்குள் சாத்திச் சாத்தித் திறந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கம்மாவுக்கு சர்க்கஸ் வித்தை தெரியும் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவைத்தேன்.

ரயிலடியில் கூட்டத்தைக் கண்டதும் ராஜா பழையபடி தரையோடு ஒட்டிக்கொண்டது. போர்ட்டர் கை நீட்டினார், பல்லைக் காட்டியது. மாமாவிடமும் உறுமியது. அப்பா பால்காரரைப் பற்றி மறுபடி பேச ஆரம்பித்தார். அம்மா எல்லோரையும் விலகச் சொல்லிவிட்டுப் பெட்டியருகே உட்கார்ந்தாள். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, தயிர்சாத உருண்டையோடு கையைப் பெட்டிக்குள் நீட்டினாள். ராஜா மெதுவாக எழுந்து உள்ளே போய், சோற்றைத் தின்று, அந்தக் கையையும் நக்கியது. அம்மா கையை எடுத்துத் தாழ்ப்பாளைப் போட்டாள்.

எனக்குக் கல்யாணமான பிறகுதான் மாமா ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். சின்ன வயதில் அம்மாவை நாய் கடித்துக் குதறி, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டார்களாம். அதிலிருந்து, நாய் நிற்கும் தெருவைக் கண்டால் அடுத்த தெரு சுற்றித்தான் போவாளாம்.

அன்று ரயிலடியில் தாழ்ப்பாள் போட்டபோது அம்மாவின் வளையல்கள் கலகலவென்று விடாமல் குலுங்கின. ரயில் வந்துவிட்டது, அதில்தான் பிளாட்பாரம் அதிர்கிறது என்று நினைத்து நான் குதித்தேன். ரயில் வருவதற்கான சிக்னல் கைகாட்டி அப்போது இறங்கியிருக்கவே இல்லை.