தனராஜ் அண்ணன் கேட்ட ஆறு நிமிடம்

நகரியில் என் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. மேற்பார்வை முடிந்து வெளியே வந்து கைப்பையிலிருந்து போனை எடுத்தேன். எங்கள் ‘பிஜிஎம் பேட்ச்’ வாட்ஸ்அப் குழுவில் யாரோ ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று போட்டிருந்தார்கள். யாருக்கு என்று எழுதவில்லை. படமும் இல்லை. அதன் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். குழுவில் இருப்பது ஏழு பேர். நான் கணக்கு டீச்சர். செய்தி போட்டவர் ஒருவர், கை கூப்பியவர்கள் நான்கு பேர். மிச்சம் இரண்டு பேர், அதில் ஒருத்தி நான். இன்னொரு பெயரை மனதுக்குள் சொல்லிப் பார்க்கவும் தைரியம் வரவில்லை. அந்த எண்ணுக்கே போன் செய்தேன். அவர் மனைவி எஸ்தர் அக்காதான் எடுத்தார். “காலைல எழுப்பப் போனேன் டீச்சர், எழுந்துக்கல” என்றார்.

இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் தனராஜ் அண்ணனோடு சித்தூர் சபையின் பாடகர் குழுவில் நின்று பாடியவர்கள். மீதிப் பேர் வேலூர் ரோட்டில் அவருடைய ஹாரன் ரிப்பேர் கடை வாசலில் லாரியை நிறுத்தியவர்கள். அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி சபையில் கேட்டார்கள். எழுதுகிறேன். ஆனால் அவருடைய காது விஷயம் ஊருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை உங்களில் பலர் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அதையும் இதிலேயே எழுதிவிடுகிறேன். வெளியே சொன்னது நான்தான்.

அவர் வாய் உங்களுக்குத் தெரியும். குழுவில் யாராவது மற்றவர்களை அமுக்கிக்கொண்டு கத்திப் பாடினால், பாட்டு முடியும்வரை பொறுத்திருந்து, “வண்டி வர்றது தெரிஞ்சுபோச்சு நைனா, வழி உட்டுட்டோம்” என்பார். திட்டு வாங்கினவரும் சேர்ந்து சிரிக்க வேண்டியதுதான். நானும் இரண்டு தடவை வாங்கியிருக்கிறேன். லாரி ஹாரனின் தகட்டை ஒரு திருகு திருகிவிட்டு, அது எந்த ஸ்வரத்தில் நிற்கிறது என்று டோ, ரே, மீ கணக்கில் சொல்லிவிடுவார். நம் சபையில் சின்ன வயதிலேயே எல்லோரும் கற்றுக்கொள்கிற அதே டோ, ரே, மீதான். நாம் அதை ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பாட்டுப் புத்தகத்தோடு மூடி வைத்துவிடுவோம். அவர் கடைக்கும் சினிமாத் தியேட்டருக்கும் எடுத்துப் போனார்.

பிஜிஎம் பேட்ச் அப்படித்தான் உருவானது. பாட்டைப் பற்றி யாரும் பேசக் கூடாது, படத்தின் பின்னணி இசையைப் பற்றி மட்டும்தான் பேச வேண்டும் என்பது சட்டம். ஒரு வெளிநாட்டு விண்வெளிப் படம் வந்தபோது குழு பைத்தியமாகிவிட்டது. ஒரு கப்பல் நாற்பது வருஷம் கழித்துப் பூமிக்குத் திரும்பி வருகிறது. கீழேயிருந்து பதில் இல்லை. ரேடியோவின் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். பத்து நிமிடத்துக்கு ஒரு வசனம் கிடையாது, ஆர்கெஸ்ட்ரா மட்டும்தான். அடித்தொண்டையில் முனகுகிற பெரிய வயலின்களில் ஆரம்பித்து ஒவ்வொரு வாத்தியமாகச் சேரும். அப்புறம் பிரெஞ்சு ஹாரன்கள் என்கிற வளைந்த பித்தளை ஊதுகுழல்கள் வரும். “நம்ம ஆளுங்க வந்துட்டாங்க” என்று அண்ணன் இருட்டில் என் முழங்கையை இடித்தார். சரியாக அந்த இடத்தில் படம் நின்றது. விளக்கு எரிந்தது. இன்டர்வெல்.

வெளிநாட்டுப் படத்தில் இன்டர்வெல் ஏது? நம் ஊரில்தான் நடுவில் வெட்டுகிறார்கள். சமோசா தின்று முடித்து மறுபடி படம் ஓடியபோது இசையின் மீதி ஆறு நிமிடமும் வந்தது, வராமல் என்ன. ஆனால் ஏறிக்கொண்டிருந்த ஒன்று அறுந்து, பாதிப் பேர் இடம் தேடிக்கொண்டிருக்கும்போது எங்கேயோ இருந்து தொடங்கியது. அண்ணன் எழுந்து நின்று ஆபரேட்டர் அறையைப் பார்த்தபடியே இருந்தார். ஆல்பத்திலாவது முழுதாக இருக்கும் என்று தேடினோம். அதிலும் முதல் பாதி மட்டும்தான் இருந்தது. ஒரு வாரத்தில் சித்தூரில் படத்தைத் தூக்கிவிட்டார்கள். திருப்பதியில் ஒரே ஒரு தியேட்டரில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் வியாழக்கிழமையோடு சரி.

அந்த வாரம்தான் அவர் என்னிடம் அதைச் சொன்னார். கொஞ்ச நாளாகவே அவர் யாரையும் தன் இடது பக்கம் நிற்கவிடுவதில்லை என்று கவனித்திருந்தேன். கேட்டேன். முதலில் மழுப்பினார். முப்பது வருஷம் ஹாரன் முன்னால் தலையை நீட்டியதில் இடது காது எப்போதோ போய்விட்டது. வலதும் போய்க்கொண்டிருக்கிறது, நிற்காது, இரண்டு மூன்று மாதம்தான் என்று வேலூர் டாக்டர் சொல்லிவிட்டார். மிஷின் வைத்தால் பேச்சு புரியலாம், சங்கீதம் கரகரவென்றுதான் இருக்கும். “எஸ்தருக்கும் ஒனக்கும்தான் தெரியும். செவுட்டு ஆளுகிட்ட எவன் ஹாரன் கொண்டாருவான்? யார்கிட்டயும் சொல்லிடாத டீச்சர்” என்றார். சொல்ல மாட்டேன் என்று வேதத்தின் மேல் கைவைக்காத குறையாக வாக்குக் கொடுத்தேன். போவதற்குள் ஒரு தடவை அந்தப் பத்து நிமிடத்தை ஒரு ஹாலில் அறுபடாமல் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டேன். எஸ்தர் அக்காவுக்கு முழங்கால் வலி. “நீ கூட்டிக்கினு போ டீச்சர், அங்க போய் சண்ட போடாம பாத்துக்க” என்று அனுப்பி வைத்தார். பஸ்ஸில் நான் அவருடைய வலது பக்கம் உட்கார்ந்தேன். அவர் சட்டைப் பையில் குழுவினர் ஏழு பேரும் கையெழுத்துப் போட்ட, தெலுங்கில் எழுதிய விண்ணப்பம் இருந்தது. இன்டர்வெல்லை ஆறு நிமிடம் தள்ளிப் போடுங்கள், அங்கே கதையிலேயே ஒரு அமைதி வருகிறது, அங்கே வெட்டினால் யாருக்கும் நஷ்டமில்லை என்பது அதன் சாரம். இப்படி ஒரு விண்ணப்பம் எந்தத் தியேட்டருக்கும் அதற்கு முன்னால் போயிருக்காது.

மேட்னி தொடங்கக் கால் மணி நேரம் இருந்தது. மேனேஜர் விண்ணப்பத்தை இரண்டு தடவை படித்தார். சிரிக்கவில்லை, அதுவரை நல்லவர். ஆனால் கேன்டீன் கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு விட்டார். அவர் வந்ததும் வராததுமாக, பாப்கார்னும் பஃப்ஸும் நேரம் பார்த்துச் சூடாக்குவது, ஆறு நிமிடம் தள்ளினால் எல்லாம் ஆறிப்போகும் என்று குதித்தார். அண்ணன் பொறுமையாக, காலைப் பிடிக்காத குறையாக, அந்த இசை எங்கே ஏறுகிறது எங்கே முடிகிறது என்று கையால் காட்டி விளக்கினார். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். எதற்கு இத்தனை பாடு, இரண்டு மூன்று மாதத்தில் ஓடிடியில் வந்துவிடும், வீட்டில் உட்கார்ந்து வேண்டியமட்டும் கேட்டுக்கொள்ளுங்கள் என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். அண்ணன் அதை வாங்கி மடித்தார். அவர் மடித்ததைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை.

“அதுக்குள்ள இவருக்குக் காது போயிடும் சார்.”

தெலுங்கில்தான் சொன்னேன். தமிழில் எழுதும்போது இன்னும் கூசுகிறது. கான்ட்ராக்டர் அண்ணனை மேலும் கீழும் பார்த்தார். ஹாரன் கடை தனராஜ்தானே நீங்கள், என் தம்பியின் டிப்பர் லாரிகள் உங்களிடம்தான் வருகின்றன என்றார். அப்போதுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு உறைத்தது. அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. மேனேஜர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, சரி, ஆபரேட்டர் டீ குடிக்கப் போயிருக்கிறான், வந்ததும் சொல்கிறேன், நீங்கள் போய் உட்காருங்கள் என்றார்.

சொன்னாரா இல்லையா என்று எங்களுக்குத் தெரியாது. படம் தொடங்கிவிட்டது. முக்கால் மணி நேரம் நான் திரையையே பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன், பின்னால் ஆபரேட்டர் அறையின் சதுரத் துவாரத்தைப் பார்ப்பேன். பெரிய வயலின்கள் முனக ஆரம்பித்தன. அண்ணன் வலது காதைத் திரைப் பக்கம் திருப்பி, முன் சீட்டின் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. ஹாரன்கள் வந்தன. இந்தத் தடவை அவர் என் முழங்கையை இடிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பக்கவாட்டுக் கதவு திறந்தது. கேன்டீன்காரர்கள் இரண்டு பேர் தட்டோடு உள்ளே வந்துவிட்டார்கள். அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. வெளிச்சம் பாதி ஹாலில் விழுந்தது. இரண்டு மூன்று பேர் எழுந்து சோம்பல் முறித்தார்கள். போச்சு என்று நினைத்தேன். எழுந்து ஓடிப்போய்க் கதவை இழுத்துச் சாத்தி, தட்டோடு நின்றவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டு, வாயில் விரலை வைத்து அங்கேயே நிறுத்தினேன். அவர்களும் பயந்துபோய் அசையாமல் நின்றார்கள். விளக்கு எரியவில்லை. இசையும் நிற்கவில்லை. நான் சுவரில் சாய்ந்தபடி அண்ணனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது. சீட்டின் மேல் இருந்த கை தாளம் போடவில்லை, அப்படியே பதிந்திருந்தது. திரை வெளிச்சம் மாற மாற அந்த முகம் தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது. ஆறு நிமிடமும் அப்படித்தான் போயிற்று. கடைசியில் அந்த அமைதி வந்தது, ஹாலில் ஒரு இருமல் கேட்டது, விளக்கு எரிந்தது.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “நல்லாக் கேட்டுது டீச்சர். ஆனா நீ அதச் சொல்லியிருக்கக் கூடாது” என்றார். திரும்பும் பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் வலது காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கு மிச்சம் இருந்தது இடது பக்கம்தான்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். ஒரு வாரத்தில் டிரைவர்களுக்கு விஷயம் எட்டியது. கடையில் அவர் குனிந்து வேலை செய்யும்போது பின்னால் வந்து ஹாரன் அடித்து, திரும்புகிறாரா என்று பார்ப்பார்கள். அதைச் செய்தவர்களில் யாராவது இதைப் படித்தால் வெட்கப்படட்டும். என்னைவிட அதிகமாக வெட்கப்பட வேண்டாம். அடுத்த மாதம், யாரும் சொல்வதற்கு முன் அவரே போதகர் ஐயரிடம் போய்ப் பாடகர் குழுவிலிருந்து விலகிக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். கடையை மூடவில்லை. ஹாரனின் வாயில் உள்ளங்கையை வைத்து அதிர்வை வைத்தே தகட்டைச் சரிசெய்யப் பழகினார். பாதி வண்டிகள் வேறு கடைக்குப் போய்விட்டன. குழுவில் அவர் எதுவும் எழுதவில்லை. என்னைப் பார்த்தால் தலையை ஆட்டுவார், நிற்க மாட்டார். ஆறேழு மாதம் இப்படியே போனது. மன்னிப்புக் கேட்க மூன்று தடவை கடைவரை போய், ரோட்டின் எதிர்ப்பக்கமே நின்றுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன்.

அறுப்பின் பண்டிகை அன்று அவரே வந்தார். சபை வாசலில் பூசணிக்காயும் வாழைத்தாரும் ஏலம் போய்க்கொண்டிருந்தன. என்னை வேப்ப மரத்தடிக்குக் கூட்டிப்போனார். அதற்குள் இரண்டு காதும் போயிருந்தது. மிஷின் இருந்தும் பேச்சு சரியாகப் புரிவதில்லை, எழுதிக் காட்ட வேண்டும். அந்த ஆறு நிமிடத்தைத் தினமும் மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பதாகவும், ஹாரன்கள் மூன்றாவது தடவை வரும் இடத்தில் சந்தேகமாக இருப்பதாகவும் சொன்னார். “நான் பாடறேன். சரியா கீதான்னு நீ சொல்லு. அன்னிக்கு எங்கூடக் கேட்டவ நீ ஒருத்திதான்.”

படம் ஓடிடியில் வந்து நாளாகியிருந்தது. கூசிப்போய் நான் அதைத் திறக்கவே இல்லை. சரிதான் என்று தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும். ஏற்கெனவே ஒரு வாக்கைக் காப்பாற்றாதவள், இதில் பொய் வேறு சொல்லவா? ஏலச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்: ‘எனக்குத் தெரியாதுண்ணே. நான் ஒண்ணும் கேக்கல. உங்க மூஞ்சியப் பாத்துக்கினு இருந்தேன்.’

அவர் அதை ரொம்ப நேரம் படித்தார். முதலில் கோபம்தான் வந்தது, எனக்கு நன்றாகத் தெரிந்தது. பிறகு சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“அப்போ நான் பாடறதுதான் ஒனக்கு” என்றார்.

பாடினார். டோ, ஸோ, ஃபா என்று ஸ்வரம் சொல்லியே பாடினார். தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. சுருதி கீழே இறங்கிக்கொண்டே போனது. ஏலம் போட்டவர் நிறுத்திவிட்டுப் பார்த்தார். நீங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தீர்கள், உங்களில் சிலர் சிரித்தீர்கள். வண்டி வர்றது தெரிஞ்சுபோச்சு என்று சொல்ல அன்று அங்கே யாரும் இல்லை. நான் அவர் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு, ஆறு நிமிடமும் முழுசாகக் கேட்டேன்.

அன்று வீட்டுக்குப் போனதும்தான் ஓடிடியில் படத்தைத் திறந்தேன். அவர் சந்தேகப்பட்டது சரி. மூன்றாவது தடவை ஹாரன்கள் மேலே ஏறுகின்றன, அவர் இரண்டு ஸ்வரம் கீழே இறங்கிவிட்டார். அதை அவரிடம் நான் சொல்லவில்லை. சரியானது எல்லோருடைய போனிலும் இருக்கிறது. அவர் பாடியது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. பள்ளிக்கு நடக்கும்போதும் விடைத்தாள் திருத்தும்போதும் என் வாய் அதைத்தான் முணுமுணுக்கிறது. பாடகர் குழுவில் என் பக்கத்தில் நிற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூன்றாவது தடவை நான் கீழே இறங்குவதைக் கேட்டால், திருத்த வேண்டாம்.