கண்காட்சி அனுபவம் உண்டா?

ஒரு பல்கலைக்கழகத்தில் புதிதாகப் புகைப்படக் காட்சிக்கூடம் திறக்கிறார்கள். அதற்கு இயக்குநர் வேண்டுமாம். இருபது வருடமாகக் கள்ளக்குறிச்சியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன், விண்ணப்பம் போட்டுத்தான் பார்ப்போமே என்று இன்று காலை பிரவுசிங் சென்டருக்குப் போனேன்.

சென்டர் நடத்தும் செல்வி அக்கா விண்ணப்பத்தைப் படித்துக்கொண்டே வந்து, "உங்க படத்த எங்கனா கண்காட்சியில வச்சிருக்காங்களா?" என்றார்.

"இல்லக்கா. அத காலியா வுட்டுடுங்க."

"இன்னாங்க இல்லன்றீங்க? சின்னசேலத்துல எங்க மாமனாரு படம் நீங்க எடுத்ததுதான? ஏழு வருசமா ஹால்ல மாலை போட்டு மாட்டி வச்சிருக்கோம். வூட்டுக்கு வர்ற எல்லாரும் நின்னு பாத்துட்டுதான் போறாங்க."

யோசித்துப் பார்த்தேன். மணலூர்பேட்டையிலிருந்து சின்னசேலம் வரைக்கும் நான் எடுத்த படம் மாட்டாத தெரு கிடையாது. முக்கால்வாசிப் படங்களுக்கு மாலை உண்டு. ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, வெள்ளைச் சட்டை மாட்டிவிட்டுக் கொடுத்ததும் அதில் அடக்கம்.

'நிரந்தரக் கண்காட்சி' என்று அக்காவே டைப் அடித்துவிட்டார்.

கடைசிப் பக்கத்தில்தான் சிக்கல். என் படங்களை நன்றாக அறிந்த இரண்டு பேர் கையெழுத்துப் போட்டுப் பரிந்துரைக்க வேண்டுமாம்.

படத்தில் இருப்பவர்கள் யாரும் இப்போது கையெழுத்துப் போடும் நிலையில் இல்லை. படத்தை மாட்டியிருக்கும் வீட்டுக்காரர்கள் யாராவது போடுகிறீர்களா?